இளரோஸ் சுவரும் ஈரச் சுவரும்

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியை விட்டு உள்ளே இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு. இரண்டு வீடு தள்ளி இருக்கும் ராத்தாவின் மகள், வெள்ளவத்தையில் கணவனோடு வாடகை வீட்டில் இருந்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம். பிள்ளைப்பேற்றுக்கு மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதற்குமுன் நடு அறைக்குப் புதிதாகப் பெயின்ட் பூசிவிட வேண்டும் என்பது ராத்தாவின் ஆசை. நிறத்தையும் அவரே முடிவு செய்திருந்தார். இளரோஸ்.

கடையில் கொடுத்த நிற அட்டையில் பெருவிரல் நகத்தளவு சதுரம் ஒன்று. பார்ப்பதற்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? காலையில் பூத்த ரோஜாவின் உள்ளிதழ் போல. பாஸ் வந்து ஒரு சுவரின் மேற்பாதியில் இரண்டு கை பூசினார். மாலையில் ராத்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தேன். அறை ஃபலூடாக் கிண்ணம் போல இருந்தது.

"அட்டையில இப்படி இருக்கல்லையே! கடைக்காரன் மாறித் தந்திட்டானோ?" என்றார் ராத்தா.

கடைக்காரர் மீது பிழை இல்லை. டின் மூடியில் இருந்த இலக்கமும் அட்டையில் இருந்த இலக்கமும் ஒன்றுதான். இந்தத் தவறை நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்! நானே செய்திருக்கிறேன். என் வீட்டு முன்னறை மூன்று வருடம் நாவற்பழம் கடித்த நாக்கின் நிறத்தில் கிடந்தது. விருந்தாளிகள் "வித்தியாசமான கலர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

ரோஸ் என்பது வேறொன்றுமில்லை. வெள்ளையில் கரைந்த சிவப்பு. புறக்கோட்டையில் 1909-இல் கட்டி முடிந்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலைச் சற்றுத் தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமான அந்த வரிகள் கலந்து ரோஸாகத் தோன்றும். அந்தச் சிவப்பு எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் நான்கு சுவர் சேரும்போது பெருகிவிடும். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் கொஞ்சம் சிவந்து எதிர்ச் சுவரில் விழுகிறது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் சிவந்து திரும்பி வருகிறது. அட்டையில் ஒரு துளி. அறையில் ஒரு வாளி. நம் ஊர் அறைகள் பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தாலே பெரிது. சுவர்கள் நெருங்க நெருங்க நிறம் தடிக்கும்.

ராத்தாவின் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. பழைய கொழும்பு வீடுகளில் கண்ட அதே சிவப்புச் சீமெந்துத் தரை, மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பது. யன்னலால் வந்த வெயில் முதலில் விழுவது அந்தத் தரையில்தான். அங்கிருந்து அது சிவப்பை அள்ளிக்கொண்டு சுவருக்கு ஏறுகிறது. வெள்ளைச் சுவரே அந்த அறையில் மெல்லிய ரோஸாகத் தெரியும். அதன் மேல் ரோஸையும் பூசினால்? சிவப்புத் தரை உள்ளவர்கள் மனதுக்குப் பிடித்த ரோஸை எடுத்து, அதில் கால் பங்கு அளவுக்கு வெளுத்த நிறத்தைத் தேடுங்கள். டின்னில் பார்க்கும்போது "இது வெள்ளைதானே" என்று சந்தேகம் வர வேண்டும். அதுதான் சரியான ரோஸ்.

யன்னலுக்கு வெளியே மாமரமோ வாழையோ நின்றால் கதை வேறு. இலையைத் தொட்டு வரும் பச்சை வெளிச்சம் ரோஸைச் சாம்பலாக்கும். அப்படிப்பட்ட அறைக்கு நீலம் கலந்த ரோஸ் ஆகாது. மஞ்சள் சாயல் உள்ள, பீச் பழ நிறத்துக்குப் பக்கத்து ரோஸ்தான் உயிரோடு இருக்கும்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லீற்றர் மட்டும் வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி பலகைத் துண்டு அல்லது தடித்த கார்ட்போர்ட் ஒன்றில் இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். இமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் சற்றுக் கறுக்கும். ஆகவே ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தப் பலகையை ஒரு நாள் முழுக்க அறையின் நான்கு சுவரிலும் மாறி மாறிச் சாய்த்து வையுங்கள். ஸுபஹ் தொழுத பின் ஒரு பார்வை, லுஹருக்கு ஒரு பார்வை, அஸருக்கு ஒரு பார்வை, மஃரிபுக்குப் பின் விளக்குப் போட்டு ஒரு பார்வை. நாளின் வெளிச்சம் மாறும் இடமெல்லாம் அதில் அடங்கிவிடும். மேற்குப் பார்த்த அறையில் அஸர் வெயிலில் ரோஸ் ஆரஞ்சாகும். அதே பலகை காலையில் வெளிறிக் கிடக்கும்.

விளக்கை மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் இப்போது அதிகம் எரிவது டேலைட் எனப்படும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பல்ப். அதன் ஒளியில் நீலம் கூடுதல். இளரோஸ் அதன் கீழ் ஊதாச் சாயல் அடித்து, சிலவேளை சுகமில்லாதவரின் முகம் போல வெளிறும். பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கும் மஞ்சள் ஒளி பல்பை மாட்டிப் பாருங்கள். அதே சுவர் சிரிக்கும். அறைக்குப் பெயின்ட் மாற்ற நினைப்பவர்களில் பாதிப்பேருக்குப் பல்ப் மாற்றினாலே போதும் என்பது என் எண்ணம்.

மருமகனுக்கு வேறொரு பிரச்சினை. "மாமி, பிறக்கப் போறது ஆம்பிளப் பிள்ளையா இருந்தா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார். ரோஸ் பெண்பிள்ளைக்கு, நீலம் ஆண்பிள்ளைக்கு என்பது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் போல நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1918-இல் அமெரிக்காவில் குழந்தை உடை வியாபாரிகளுக்கான இதழ் ஒன்று, ரோஸ் ஆண்பிள்ளைகளுக்கு, நீலம் பெண்பிள்ளைகளுக்கு என்றே எழுதியது. ரோஸ் கொஞ்சம் உறுதியான நிறமாம்! இன்றைய பிரிவினை அங்கே நிலைபெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். உடைக் கடைகளோடு அது நம்மிடம் வந்து சேர்ந்தது.

ஜெய்ப்பூர் நகரத்து ஆண்களிடம் போய் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1727-இல் உருவான அந்த நகரத்துக்கு 1876-இல் பிரித்தானிய இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் வந்தபோது, மகாராஜா இரண்டாம் சவாய் ராம் சிங் கடைத்தெருக்களையெல்லாம் ரோஸ் பூச வைத்தார். இன்றும் பழைய நகரம் அதே நிறத்தில்தான் நிற்கிறது. 2019-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. அதே 1876-இல் ஈரானின் ஷீராஸ் நகரில் நாஸிருல் முல்க் பள்ளிவாசலின் வேலை தொடங்கி 1888-இல் முடிந்தது. அதன் ஓடுகளில் ரோஸ் நிறம் மிகுந்திருப்பதால் உலகமே அதை ரோஸ் பள்ளி என்கிறது. மலேசியாவின் புத்ராஜெயாவில் 1999-இல் முடிந்த புத்ரா பள்ளிவாசலின் குவிமாடமும் ரோஸ் கருங்கல்தான். இவ்வளவு ஆண்கள் ஸஃப் கட்டி நின்று தொழும் நிறத்தில் ஓர் ஆண்குழந்தை தூங்கக்கூடாதா?

இன்னொரு பேச்சும் உண்டு. ரோஸ் மனதை அமைதிப்படுத்தும், கோபத்தைத் தணிக்கும் என்பார்கள். அந்தக் கதையின் வேர் 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் கடற்படைச் சிறையில் இருக்கிறது. கைதிகளை அடைக்கும் அறை ஒன்றுக்கு ரோஸ் பூசினார்கள். சண்டை குறைந்தது என்றார்கள். அங்கிருந்த பேக்கர், மில்லர் என்ற இரு அதிகாரிகளின் பெயரே அந்த நிறத்துக்கு நிலைத்துவிட்டது. ஆனால் பிறகு நடந்த கவனமான சோதனைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. ஆகவே வீட்டில் கோபக்காரர் இருந்தால் அவருக்காக ரோஸ் பூசிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, பூசுங்கள். வேறு நியாயம் தேவையில்லை.

எங்கள் உம்மும்மா காலத்தில் டின்னும் இல்லை, அட்டையும் இல்லை. சுண்ணாம்பைப் பெரிய சட்டியில் நீற்றிப் போட்டு, அதில் செங்காவியைக் கரைத்து விடுவார்கள். ஒரு சிரட்டை போட்டால் ஒரு நிறம், இரண்டு போட்டால் இன்னொரு நிறம். அந்த ரோஸ் வருடக்கணக்கில் வெளுக்காமல் நின்றதற்குக் காரணம் உண்டு. காவி என்பது இரும்புத் துரு வகை மண். சுண்ணாம்பின் காரமும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. இன்றைய கடை ரோஸ்களில் சில, இரசாயனச் சிவப்பால் ஆனவை. வெள்ளை மிகுதியாகக் கலந்து இளசாக்கும்போது அவற்றில் மலிவானவை வெயிலில் சீக்கிரம் நிறம் விடும். அலுமாரியை நகர்த்தினால் அதன் பின்னால் மட்டும் பழைய ரோஸ் சதுரமாகத் தெரிகிறதே, அது அந்த வகைதான். வெயில் நேராக விழும் சுவருக்கு இரும்பு ஒக்ஸைட் கலந்த, சற்று மண்சாயல் உள்ள ரோஸைக் கேளுங்கள். கடையில் கலவை இயந்திரத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

மிச்சமெல்லாம் வெள்ளைதான் என்றேனே, அந்த வெள்ளைக்கு டைட்டேனியம் டை ஒக்ஸைட் என்று பெயர். அதைச் செய்யும் இல்மனைட் மணல் நம் நாட்டில், திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பாகக் குவிந்து கிடக்கிறது. மணலை நாம் கப்பலேற்றுகிறோம். வெள்ளைத் தூளைக் காசு கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். 2022-இல் ரூபாய் விழுந்தபோது பெயின்ட் டின்னின் விலை ஏன் அப்படித் தாவியது என்று யோசித்தவர்களுக்கு அதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. புல்மோட்டைச் சகோதரிகள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

சரி, ராத்தாவின் அறைக்கு வருகிறேன். நிறத்தைப் பற்றித்தான் கேட்க அழைத்தார். ஆனால் என் கண் கீழே போய்விட்டது.

பழைய வீடுகளில் சுவரின் கீழ்ப்பாதியில் நாலடி உயரத்துக்கு எனமல் பூசியிருப்பார்கள் அல்லவா, கை அழுக்கு பட்டால் துடைக்கலாம் என்று? ராத்தாவின் அறையிலும் அப்படியே. பச்சை எனமல். அவருடைய மாமனார் காலத்தில் பூசியது, அதற்குக் கீழே இன்னும் இரண்டு படை. "நாளைக்கு பாஸ் இதெல்லாத்தையும் சுரண்டி எடுத்திடுவார்" என்றார். மூன்று வயதுப் பேரன் அந்தத் தரையில் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கர்ப்பிணி மகள் பின்னேரத்தில் வந்து கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய எனமல்களில், சிறப்பாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. நம் நாட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பெயின்ட்களின் ஈயத்துக்கு உச்சவரம்பு விதித்து 2011-இல் வர்த்தமானி வெளியிட்டது. அது 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இமல்ஷனில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்கு, எனமலில் 600 பங்கு என்பது அந்த வரம்பு. அதற்கு முன் பூசிய சுவருக்கும் கதவுக்கும் யார் வரம்பு வைத்தார்கள்? உலர்ந்த எனமலைச் சுரண்டினால், சேண்ட் பேப்பர் போட்டால், மாவைவிட நுண்ணிய தூள் பறந்து பாயில், திரையில், பொம்மையில் படியும். பிள்ளையின் கை வாய்க்குப் போகும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தாயின் இரத்தத்திலிருந்து கருவிலுள்ள பிள்ளைக்கும் கடக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அழகான அறை ஒன்றைப் பிள்ளைக்குத் தயார் செய்கிறேன் என்று தொடங்கி, அந்தப் பிள்ளைக்கே தூளை ஊட்டுவதா?

உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய எனமலைச் சுரண்டத் தேவையே இல்லை. சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, மினுமினுப்புப் போகும் அளவுக்கு மட்டும் ஈர சேண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, ஒட்டுமளவுக்கு ஒரு கை பிரைமர் கொடுத்து மேலே பூசிவிடலாம். உதிரும் இடங்கள் இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்தபடியே அந்த இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். தரையில் பொலித்தீன் விரித்து, முடிந்ததும் அப்படியே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். விளக்குமாற்றால் கூட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பந்தம் பிடித்து எனமலை எரித்து எடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்தப் புகை இன்னும் மோசம். வேலை நடக்கும் நாட்களில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வீட்டில் இருக்கவே கூடாது. பாஸும் முகத்துக்கு நல்ல மாஸ்க் கட்டட்டும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும், தூள் சட்டையில் ஒட்டிக்கொண்டு போகும்.

மகளை அன்றே வெள்ளவத்தைக்கு அனுப்பிவிட்டோம். பேரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். காருடன்.

பாஸுக்கு முதலில் பிடிக்கவில்லை. "நான் முப்பது வருஷமாச் சுரண்டுறேன்" என்றார். பிறகு ஒத்துக்கொண்டார். வேலை குறைகிறதே!

அடுத்தது பின்சுவர். கிருலப்பனைக் கால்வாயை அண்டிய தாழ்ந்த பகுதியில் இருக்கும் நமக்கு இது பழகிப்போன நோய். 1992 ஜூன் வெள்ளமும் 2010 நவம்பர் வெள்ளமும் கொழும்பின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் புகுந்து போனவை. வெள்ளம் வடிந்தாலும் சுவர் குடித்த ஈரம் சீக்கிரம் போகாது. அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை போடாத பழைய சுவர்கள் நிலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் உப்பையும் கொண்டு வருகிறது. உப்பு வெளியே பூத்துப் பெயின்டைத் தள்ளும். பெயின்ட் அப்பளம் போல உப்பி உதிரும். பெருநாளுக்குப் பெருநாள் அதன் மேலேயே ஒரு கை பூசி மறைக்கிறோம். கடும் நிறம் ஓரளவு மறைத்துத் தரும். இளரோஸ் எதையும் மறைக்காது. ஈரம் பட்ட இடமெல்லாம் தேயிலைச் சாயம் ஊற்றியது போல் காட்டிக் கொடுக்கும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்தா என்று அறிய ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர் கோர்த்தால் சுவருக்குள் ஈரம். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதாது. ராத்தாவின் பின்சுவரில் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர். வெளியே போய்ப் பார்த்தால் பீலி உடைந்து கூரைத் தண்ணீர் முழுதும் அந்தச் சுவர் அடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமோ! பீலியை மாற்றி, சுவரோடு சேர்ந்து குவிந்திருந்த மண்ணை வெட்டி விலக்கி, கறைக்கு மேல் ஓரடி வரைக்கும் பழைய பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசச் செய்தார்கள். புதுச் சீமெந்துப் பூச்சு குறைந்தது நான்கு வாரம் காய வேண்டும். அவசரப்பட்டால் அதன் காரம் ரோஸைத் தின்றுவிடும்; திட்டுத் திட்டாக வெளுக்கும்.

காலத்தையும் பாருங்கள். கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் சுவர் ஓரளவு உலர்ந்திருக்கும் காலம். மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பூசுவது வீண் வேலை. 2026-இலும் 2027-இலும் நோன்பு பெப்ரவரி மாதத்தில் தொடங்குவதால், பெருநாளுக்காகப் பூசுபவர்களுக்கு அது நல்ல வசதி.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, யன்னல் கழித்தால் 400. இரண்டு கைக்கு 800. ஒரு லீற்றர் ஒரு கைக்கு 100 முதல் 120 சதுர அடி வரை போகும். ஆக நாலு லீற்றர் டின் இரண்டு. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளி ஒன்றில் ஒன்றாகக் கலந்த பிறகே பூசத் தொடங்குங்கள். இளம் நிறங்களில் டின்னுக்கு டின் உள்ள சிறு வித்தியாசமும் சுவர் மூலையில் தெரிந்துவிடும். நிற இலக்கத்தை மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். வெளியே எழுதினால் பெயின்ட் வழிந்து அழியும், அனுபவத்தில் சொல்கிறேன். குசினிக்கு இந்த நிறம் வேண்டாம். மஞ்சள் தூளும் தாளித்த எண்ணெயும் பட்ட ரோஸைப் பார்க்கச் சகிக்காது.

மூன்று சுவர் பூசி முடிந்தது. யன்னல்களைத் திறந்து போட்டு மணம் போகும் வரை ஒரு கிழமை விட்டார்கள். கடைசியில் எடுத்த நிறம் அட்டையில் வெள்ளைக்கு அடுத்த கட்டம். சிவப்புத் தரைக்கு மேல், மஞ்சள் பல்பின் கீழ், அது ராத்தா முதலில் ஆசைப்பட்ட அந்த உள்ளிதழ் நிறமாகவே நின்றது. தேக்கு அலுமாரிக்கும் அது பொருந்திப் போனது.

பிறந்தது ஆண்குழந்தை. அவன் வந்து படுத்தபோது பின்சுவர் இன்னும் வெறும் சீமெந்தாகத்தான் இருந்தது. காயட்டும் என்று விட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் "காசு முடிஞ்சிட்டா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நாற்பது கழிந்து, பிள்ளையையும் தாயையும் இரண்டு நாள் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, மூடியில் இருந்த இலக்கத்தைப் பார்த்து இன்னொரு லீற்றர் வாங்கி வந்து, மிச்சம் இருந்த டின்னோடு கலந்து அந்தச் சுவரைப் பூசியவர் மருமகன்.